கம்பளிப் போர்வையில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்க ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஒஸ்லோவில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில், சோஃபாவின் மீது விரிக்கும் கம்பளிப் போர்வை ஒன்றை அண்மையில் வாங்கினேன். சாம்பல் நிறத்தில் வெள்ளை எண்முனை நட்சத்திரங்கள் கொண்ட அதனைத் திருப்பிப் போட்டால் நிறங்கள் இடம் மாறித் தெரிவதால், இரட்டை அடுக்கு நெசவு என்றே கருதுகிறேன். குஞ்சத்திலிருந்து உதிர்ந்த இழையைக் கொளுத்தியபோது மயிர் கருகும் வாடை வீசி, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சியது. ஆகவே அது கம்பளிதான்.

ஒரு மூலையில் அந்துப்பூச்சியின் புழுக்கள் அரித்ததால், மேலடுக்கில் மட்டும் பாவும் (நீள இழை) ஊடும் (குறுக்கிழை) அறுந்து சிறு ஓட்டைகள் விழுந்துள்ளன. எஞ்சிய புழுக்களும் முட்டைகளும் அழியட்டும் என்று, போர்வையைக் காற்றுப் புகாத பையிலிட்டு −18 பாகை உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஓட்டைகளை அடைத்த பின் துவைப்பதா, துவைத்த பின் அடைப்பதா என்பதே எனது முதன்மையான ஐயம். சுடுநீரும் கசக்கலும் கம்பளியைச் சுருக்கித் தடிக்கச் செய்யும் என்பதையும், புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் கலந்த சலவைத்தூள் ஆகாது என்பதையும் அறிவேன். ஆனால் புதிய இழை பழைய இழையைவிட அதிகமாகச் சுருங்கி, அவ்விடம் மட்டும் இழுத்துக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறேன்.

பின்னல் நூல் இதற்கு மிகத் தடிப்பாக உள்ளது. மெல்லிய, முறுக்கேறிய நெசவுக் கம்பளி நூல் சிறு அளவில் ஹூஸ்ஃப்லிடென் கைவினைக் கடைகளில் கிடைக்குமா? கீழடுக்கைச் சேர்த்துத் தைத்துவிடாமல் மேலடுக்கை மட்டும் இழையோட்டிப் பழகியவர்கள் இருந்தால், செய்முறையைப் படத்துடன் விளக்குமாறு வேண்டுகிறேன். இதனைக் கூலிக்குச் செய்து தருவோரைத் தெரிந்தாலும் அறியத் தாருங்கள்.