காட்டோரம் டிடெக்டரோடு போகும்போது துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

கீழ்மலைக் காப்பி:

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கம் பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடிக்கு அந்தப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது, பட்டா நிலம்தான். மேல் ஓரத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் பங்களா ஒன்று இடிந்து கிடக்கிறது, சுற்றிலும் உண்ணிப்புதர். போன மாதம் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். பழைய காசு, பொத்தான், லாடம் என்று ஏதாவது கிடைக்குமா பார்க்கலாம் என்றுதான், புதையல் ஆசையெல்லாம் இல்லை (இருந்தாலும் இங்கே சொல்வேனா).

சிக்கல் என்னவென்றால் மிருகம். வாழைக்கு யானை வருகிறது, காட்டுமாடு பட்டப்பகலிலேயே காப்பிச் செடிக்கு நடுவில் நிற்கிறது, கரடியை இரண்டு தோட்டம் தள்ளிப் பார்த்ததாக ஆட்கள் சொல்கிறார்கள். யூடியூபில் பார்க்கிற அமெரிக்கக்காரர்கள் பாதிப் பேர் இடுப்பில் பிஸ்டலோடுதான் டிடெக்டர் போடுகிறார்கள். எங்கள் வீட்டில் சித்தப்பா பேரில் லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக்குழல் இருக்கிறது. அதை நான் தோளில் மாட்டிக்கொண்டு போனால் தப்பா? இல்லை, என் பேரிலேயே லைசென்ஸ் போட்டால் கிடைக்குமா? அப்புறம், தோட்டத்தோடு நிற்காமல் ஓடை ஓரமாகக் காட்டுக்குள்ளும் கொஞ்சம் போய்ப் பார்க்க ஆசை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பந்தலூர் ஆள்:

துப்பாக்கியை விடுங்கள், முதலில் உங்கள் ஹெட்போனைப் பற்றிப் பேசுவோம். டிடெக்டர் போடுகிறவன் காட்டில் என்ன செய்கிறான்? இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிறான், கண்ணைத் தரையில் வைத்துக்கொள்கிறான், சத்தம் வந்ததும் காட்டுக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டு உட்கார்ந்து தோண்டுகிறான். மிருகத்துக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டான். தோளில் துப்பாக்கி தொங்கினாலும் திரும்பிப் பார்ப்பதற்குள் கதை முடிந்துவிடும். எங்கள் நீலகிரிப் பக்கம் யானை தாக்கி இறந்தவர்களில் பலரும் யானையை மிகக் கிட்டத்தில் போய்தான் பார்த்திருக்கிறார்கள், அந்தத் தூரத்தில் யாருக்கும் குறி பார்க்க நேரம் இருக்காது. அவ்வளவு பெரிய உருவம் சத்தமே இல்லாமல் நிற்கும், மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடியில் இருப்பதுகூடப் பாறையா யானையா என்று தெரியாது.

12 போர் என்கிறீர்கள். அதில் என்ன தோட்டா போடுவீர்கள்? பறவைக்குப் போடுகிற சில்லு ரவையை யானைமேல் விட்டால் அதற்குக் கோபம்தான் வரும். காட்டுமாடு ஒரு டன் வரைக்கும் எடை வரும், கூட்டத்தோடு இருந்தால் பெரும்பாலும் அதுவே விலகிப் போய்விடும், ஒத்தையாக நிற்கிற கிழட்டுக் காளைதான் ஆபத்து, அதைக் காயப்படுத்திவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள், மறுநாள் இலை பறிக்கவோ காப்பி எடுக்கவோ வருகிற பெண்கள் அதன் முன்னால் போய் நிற்பார்கள். 2021ல் மசினகுடி, கூடலூர் பக்கம் ஒரு புலியைப் பிடிக்க வனத்துறை, கும்கி யானை, மோப்ப நாய், டிரோன் எல்லாம் இறக்கியும் மூன்று வாரம் ஆனது. நாம் எம்மாத்திரம்.

நான் சொல்வது இதுதான். ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் வையுங்கள், முடியாவிட்டால் ஒரு காது மட்டும். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும், அந்த ஆள் கையில் டிடெக்டரும் இருக்கக் கூடாது போனும் இருக்கக் கூடாது, சும்மா நின்று சுற்றிப் பார்ப்பதுதான் வேலை. உள்ளூர் ஆளாக இருந்தால் நல்லது, சாணத்தைப் பார்த்தே ராத்திரி வந்ததா இப்போது வந்ததா என்று சொல்லிவிடுவார். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்து நாலு மணிக்கெல்லாம் மூட்டை கட்டிவிடுங்கள். பலாப் பழுக்கிற மாதங்களில் மரத்தடிப் பக்கமே வேண்டாம், யானை, கரடி இரண்டும் அங்கேதான் இருக்கும்.

கோர்ட்டு வாசல்:

திண்டுக்கல்லில் இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சித்தப்பா துப்பாக்கியை நீங்கள் தனியாக எடுத்துப் போக முடியாது. 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. லைசென்ஸ்தாரர் கூடவே இருக்கும்போது அல்லது அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு, ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ அவருடைய உபயோகத்துக்கோ இன்னொருவர் தூக்கிப் போகலாம், அவ்வளவுதான் விலக்கு. காசு தேடுவது உங்கள் வேலை, அவருடைய உபயோகம் ஆகாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 2 வருஷம், 5 வருஷம் வரை போகும். துப்பாக்கியைக் கொடுத்தார் என்று சித்தப்பாவும் உங்களோடு ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் பேரில் புதிதாக வாங்குவது பற்றி. மனு கலெக்டரிடம்தான் போட வேண்டும், போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று என்று வழக்கமான படிகள் இருக்கின்றன. அதோடு பலருக்குத் தெரியாத ஒன்று, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34வது பிரிவு. சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளர் ஒப்புதல் இல்லாமல் புது ஆயுத லைசென்ஸ் தரக் கூடாது. கொடைக்கானல் சரணாலயம் 2013ல் அறிவிக்கப்பட்டது, அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். உங்கள் தோட்டம் அந்தப் பத்துக்குள் வருகிறதா என்று நீங்களே வரைபடத்தில் அளந்து பாருங்கள். நீலகிரியில் முதுமலை, முக்குருத்தி என்று ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துப் பத்தாகக் கோடு போட்டால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இதைவிட முக்கியம் 11வது பிரிவு. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு மிருகத்தைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ அது குற்றம் ஆகாது, உண்மை. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சரணாலயத்துக்குள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே 31வது பிரிவின்படி மீறல். ஆகக் காட்டுக்குள் போய்ச் சுட்டுவிட்டு "என்னைக் குத்த வந்தது சார்" என்றால் எடுபடாது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டும் என்றும் நினைக்காதீர்கள், கத்தி, வலை, கண்ணி எல்லாம் பட்டியலில் இருக்கிறது. ஓடை ஓரம் காட்டுக்குள் போகும் யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

பழைய எஸ்டேட்காரன்:

வக்கீல் தம்பி சொல்வதெல்லாம் சரி, ஆனாலும் கொஞ்சம் ஓவராகப் பயமுறுத்துகிறார். சித்தப்பாவே துப்பாக்கியோடு வந்து பக்கத்தில் நின்றால்? பட்டா நிலம், லைசென்ஸ் உள்ள ஆள், லைசென்ஸில் எழுதியிருக்கிற எல்லைக்குள். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு துப்பாக்கி இருந்தது, பயிர்ப் பாதுகாப்புக்கென்றே கொடுத்தார்கள். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் காட்டுமாடு இறங்கிப் போய்விடும். குடகில் இன்றைக்கும் குடவர்கள் லைசென்ஸே இல்லாமல் வைத்திருக்கிறார்கள், அரசாங்கமே 2029 வரை விலக்கு நீட்டித்திருக்கிறது. மலையில் வாழ்கிறவனுக்கு ஒரு தைரியம் வேண்டாமா?

கோர்ட்டு வாசல்:

ஐயா, சித்தப்பா தன் துப்பாக்கியோடு தன் நிலத்தில் நிற்பதை நான் குறை சொல்லவில்லை. குடகு விலக்கு குடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உள்ளது, பழனி மலைக்கு வராது. வெடி போடுவதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இந்த மலையில் ராத்திரி பன்றிக்கும் மானுக்கும் நாட்டுத்துப்பாக்கி தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பாரஸ்ட்காரர்களுக்குத் தெரியும். வெடிச்சத்தம் கேட்டால் முதலில் வேட்டை என்றுதான் நினைப்பார்கள். வந்து பார்த்தால் ஒருவர் கையில் துப்பாக்கி, இன்னொருவர் கையில் மண்வெட்டி, மூன்றாவதாக ஒயர் வைத்த மெஷின். 2008ல் வடகவுஞ்சிப் பக்கம் மாவோயிஸ்ட் என்கவுண்டர் நடந்த மலை இது. விளக்கம் சொல்லிப் புரிய வைக்க அரை நாள் ஆகும், அதுவும் கேட்கிறவர் நல்ல மனநிலையில் இருந்தால்.

அரிசோனாவில் ஒருவன்:

சொந்த ஊர் குன்னூர், இப்போது இருப்பது பீனிக்ஸ். வீடியோவில் பார்க்கிற அந்தப் பிஸ்டல் விஷயத்துக்கு மட்டும் பதில். இங்கே 2010லிருந்து வயதுவந்த சாதாரண ஆள் பெர்மிட் இல்லாமலே துப்பாக்கியை மறைத்தும் வைத்துக்கொள்ளலாம், அதனால் கடைக்குப் போகிறவன்கூட வைத்திருப்பான், டிடெக்டருக்காக என்று தனியாக யாரும் கட்டிக்கொள்வதில்லை. தங்கக் கட்டி தேடிப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள் மிருகத்தைவிட மனுஷனுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், இன்னொருவன் கிளெய்ம் நிலத்தில் (தோண்டி எடுக்கும் உரிமையைத் தன் பேரில் பதிந்து வைத்திருக்கிற இடம்) தெரியாமல் கால் வைத்துவிட்டால் அவன் துப்பாக்கியோடு வந்து நிற்பான். இன்னொரு வேடிக்கை, இங்கே தேசியப் பூங்காக்களுக்குள் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி கொண்டுபோகலாம், டிடெக்டர் கொண்டுபோகக் கூடாது! அரசாங்க நிலத்தில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை எடுத்தால் 1979 சட்டப்படி வழக்கு. என்னோடு வருகிற கிழவர்கள் பலர் பிஸ்டலை வண்டியிலேயே வைத்துவிட்டு வருவார்கள், இடுப்பில் தொங்கும் இரும்பு காயிலுக்கு (டிடெக்டரின் அடியில் உள்ள வட்டம்) கிட்டே போகும்போதெல்லாம் கீச் கீச் என்று கத்தும், தொல்லை. பாம்புக்கு முழங்கால் வரை உறை, கரடி ஸ்பிரே, சிக்னல் இல்லாத இடத்தில் செய்தி அனுப்ப சேட்டிலைட் கருவி, இவைதான் நிஜமாகப் பயன்படுகிறவை. நீங்களும் அந்தச் சேட்டிலைட் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கோர்ட்டு வாசல்:

அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள்! சேட்டிலைட் போன், சேட்டிலைட் மெசேஜ் கருவி எதுவும் இங்கே அரசு அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது, தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு டூரிஸ்ட்டுகளை ஏர்போர்ட்டிலேயே பிடித்திருக்கிறார்கள்.

கீழ்மலைக் காப்பி:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, காட்டுக்குள் போகவில்லை, துப்பாக்கியும் வேண்டாம். பங்களா இடிபாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். சித்தப்பா கேட்டதும் "நான் உனக்குக் காவல் நிற்கணுமா" என்று சிரித்துவிட்டார், அதனால் தோட்டத்தில் காவல் இருக்கும் அண்ணனைக் கூட்டிப்போகிறேன். மிளகாய் ஸ்பிரே மட்டும் வைத்துக்கொள்ளலாமா? கடையில் பெண்கள் பாதுகாப்புக்கு என்று விற்கிறார்களே, அது கரடிக்கு வேலை செய்யுமா? பாம்பு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பந்தலூர் ஆள்:

அது சின்ன டப்பா, கொஞ்ச தூரம்தான் போகும். கரடி அந்தத் தூரத்துக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே உங்கள்மேல் இருக்கிறது என்று அர்த்தம், எதிர்க்காற்று அடித்தால் உங்கள் கண்ணிலேயே விழும். பட்டா நிலத்தில் பையில் கிடந்தால் கிடக்கட்டும், நம்பிப் போகாதீர்கள். கரடிக்குக் காது சுமார், கண்ணும் சுமார், திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்தால்தான் பாயும். ஆகப் புதருக்குள் நுழையும் முன் பேசிக்கொண்டே போங்கள், கட்டையால் பாறையைத் தட்டுங்கள். யானைக்கு அது பொருந்தாது, யானை இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாம்புதான் உங்கள் வேலைக்கு நிஜமான ஆபத்து. இடிந்த கல் சுவர், வெயில் காய வசதி, எலி ஏராளம். சிக்னல் வந்ததும் கல்லிடுக்கில் கையை விடாதீர்கள், முதலில் நீளமான கம்பியால் கிளறுங்கள், கம்பூட்ஸ், தடித்த கையுறை இரண்டும் வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். காப்பித் தோட்டத்தில் இலைப் பச்சையில் சுருண்டு கிடக்கும் குழிவிரியனுக்கு அது கேட்காது, அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. கட்டு இறுக்கிப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம், 108க்கு அடியுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

வத்தலக்குண்டு வாத்தியார்:

மிருகத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் முழுக்கப் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது இறந்தவர்களுக்காகப் பெரிய கல் பலகைகளை அடுக்கிக் கட்டியவை. 1928லேயே ஆங்லாட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதிவிட்டார்கள், பின்னாளில் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழாய்வும் செய்தார். உங்கள் பட்டாவுக்குள்ளேயே அப்படி ஒரு கல் அடுக்கு இருக்கலாம், அதன் பக்கம் காயிலைக் கொண்டுபோகாதீர்கள். நீலகிரியில் 19ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைமார் கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த வெண்கலக் கிண்ணங்களில் சில இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, எந்தக் கிண்ணம் எந்த எலும்போடு எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் பெரும்பாலும் போய்விட்டது.

பங்களாவில் கிடைப்பதற்கும் சட்டம் உண்டு. 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம், மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, மாற்றாமலே விட்டிருக்கிறார்கள். ஒரு ஓட்டைக் காலணாவுக்காக யாரும் உங்களைத் தேடி வரப் போவதில்லை, ஆனால் காசுக் குவியலாகவோ தங்கமாகவோ ஏதாவது தட்டுப்பட்டால் அத்தோடு நிறுத்தி, மேலே தோண்டாமல், இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிடுங்கள். காவல்கார அண்ணன் சாயங்காலம் டீக்கடையில் என்ன சொல்வார் என்பது உங்கள் கையில் இல்லை. புதையல் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டால் ராத்திரி உங்கள் தோட்டத்துக்கு மண்வெட்டியோடு வருகிறவர்களைச் சமாளிக்கத்தான் நீங்கள் சித்தப்பாவின் துப்பாக்கியைத் தேட வேண்டியிருக்கும்.

கீழ்மலைக் காப்பி:

நல்லவேளை சொன்னீர்கள் சார், அப்படியானால் அண்ணனிடம் தண்ணீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று பார்க்கும் மெஷின் என்றே சொல்லி வைக்கிறேன்.

பந்தலூர் ஆள்:

அதைச் சொன்னால் முதலில் அவர் வீட்டுக் குழாயைத்தான் தேடச் சொல்வார், தயாராக இருங்கள்.