மழைக்காலத்தில் சுகர் பேஸ்ட் மான் காயவே மாட்டேன் என்கிறது, கால் மடங்குகிறது. என்ன செய்யலாம்?

சீனிக்கரண்டி
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலிருந்தே ஓடருக்குக் கேக் செய்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பிள்ளையின் பிறந்தநாள். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்கள்தான் கேக்கில் வேண்டுமாம், கூடவே கோட்டை வாசலும். கடையில் வாங்கிய ரெடிமேட் சுகர் பேஸ்ட்டில் (கேக்கை மூடுகிற, உருவம் பிடிக்கிற சீனிக் களி) அதை இறுக்குகிற சீ.எம்.சி. பவுடர் கலந்து செய்கிறேன்.

வறண்ட கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் இதே பேஸ்ட்டில் செய்து வைத்தால் மறுநாள் தட்டும்போது டொக்கென்று சத்தம் வரும். இப்போது மார்கழி மழை. மேலே தோல் கட்டுகிறது, உள்ளே களியாகவே கிடக்கிறது. நிற்கிற மானின் முன்கால் இரண்டும் மெல்ல மடங்கி, கும்பிடுகிற மாதிரிக் குனிந்துவிட்டது. பிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், வெளியே எடுத்ததும் வேர்த்து வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் வழிந்துவிட்டன. வாசல் வளைவும் நடுவில் தொய்கிறது. கேக் பேக் பண்ணுகிற அவனில் வைக்கலாமா? இன்று திங்கள். பிள்ளையின் வீட்டார் சுத்த மரக்கறி, முட்டையும் ஜெலட்டினும் கூடாது.

மாவுக்கை
சீ.எம்.சி. எவ்வளவு போட்டீர்கள்? கலர் என்ன, ஜெல்லா, போத்தலில் வருகிற தண்ணிக் கலரா? எங்கே வைத்துக் காய வைக்கிறீர்கள்?

சீனிக்கரண்டி
சீ.எம்.சி. கண் மட்டத்துக்கு ஒரு சிட்டிகை. பிரவுன் போத்தல் கலர்தான், நல்லா ஊற்றினால்தான் மான் நிறம் வருகிறது. குசினி மேசையில், ஜன்னலைத் திறந்துவிட்டு ஃபேன் போட்டு.

உவர்மலை அக்கா
தங்கச்சி, ஜன்னலை முதலில் சாத்துங்கள். கடலிலிருந்து வருகிற அந்தக் காற்றே ஈரம், ஃபேன் அதைத்தான் மான் மேல் கொண்டுவந்து கொட்டுகிறது. வெறும் சீனி என்றால் காற்றின் ஈரப்பதன் 85 வீதத்துக்குக் கிட்டப் போகும் வரை தாங்கும். ஆனால் ரெடிமேட் பேஸ்ட்டின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், குளுக்கோஸ் சிரப்பும் கிளிசரினும் இருக்கும். கேக்கின் மேல் விரிக்கும்போது வெடிக்காமல் மெத்தென்று இருப்பதற்காகவே அவற்றைப் போடுகிறார்கள். இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற சாமான், அதனால் அந்த அளவுக்கு முன்னமே ஈரம் இழுக்கத் தொடங்கிவிடும். கேக்கை மூட அது நல்லது, கால் நிற்கவைக்க அது உதவாது.

250 கிராம் பேஸ்ட்டுக்கு மட்டமாக 1 தேக்கரண்டி சீ.எம்.சி. போட்டுப் பிசைந்து, காற்றுப் படாமல் பொலித்தீனில் சுற்றி சில மணித்தியாலம் விடுங்கள். போட்டவுடன் உருட்டினால் அதன் பிடி தெரியாது. தண்ணிக் கலரை இந்த மாதத்தில் கையால் தொடவே வேண்டாம். மானுக்குக் கொக்கோ பவுடரைப் பிசையுங்கள், நிறமும் வரும், பேஸ்ட்டும் இறுகும். முதுகில் இன்னும் கருமை வேண்டுமென்றால் காய்ந்தபின் அதே பவுடரைத் தூரிகையால் தடவலாம். புள்ளியை எல்லாம் முடிந்த பிறகு, அரிசி அளவு உருண்டைகளை அமத்தி ஒட்டுங்கள்.

நிற்கிற மானை ஒரே துண்டாகச் செய்யாதீர்கள். இன்று நாலு காலையும் மட்டும் செய்து, ஒவ்வொன்றிலும் காய்ந்த ஸ்பகெட்டிக் குச்சி ஒன்றை இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகிப் படுக்கவைத்துக் காய விடுங்கள். டூத்பிக் வேண்டாம், சின்னப் பிள்ளை கடிக்கும். உடம்பு முழுக்கப் பேஸ்ட் என்றால் இந்த மழையில் உள்ளே காயாது. ரிஜிஃபோம் (தெர்மோகோல்) துண்டு ஒன்றைச் செதுக்கி, மெல்லிய பொலித்தீனில் சுற்றி, அதன் மேல் 4, 5 மில்லிமீற்றர் கனத்துக்கு மட்டும் பேஸ்ட்டைப் போர்த்துங்கள். பாரமும் குறையும். ஒட்டுவதற்கு முட்டை வெள்ளை தேவையில்லை, கொஞ்சம் தண்ணீரில் ஒரு சிட்டிகை சீ.எம்.சி. போட்டு ஊறவிட்டால் பசை தயார்.

கச்சான்கொட்டை
இவ்வளவு பாடு எதற்கு? ஹெயார் டிரையரைப் பிடித்தால் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இல்லாவிட்டால் காஸ் அவனைச் சின்னத் தணலில் வையுங்கள்.

உவர்மலை அக்கா
தம்பி, சூட்டுக்கு அதில் இருக்கிற கொழுப்பு இளகிக் கால் இன்னும் கெதியாக மடங்கும். மேல்தோல் மட்டும் இறுகி, பிறகு வெடிக்கும். காஸ் எரியும்போதே நீராவி வரும், மூடின அவனுக்குள் அது எங்கே போகும்? கரண்ட் அவன் என்றால் சூடு போடாமல், உள்லைட்டை மட்டும் எரியவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கலாம், அது உதவும்.

இதையெல்லாம் விட நல்லது ஏசி அறை. ஈரத்தை இழுக்கிற டிரை மோட் இருந்தால் அதில் போட்டு, கதவைச் சாத்தி, அப்புறம் ஃபேன் போடுங்கள். அப்போதுதான் ஃபேனுக்கு வேலை.

மாவுக்கை
வளைவுக்கு: 3 மில்லிமீற்றருக்கு உருட்டி வெட்டி, கோர்ன் ஃப்ளவர் தூவிய ரிஜிஃபோம் பலகையில் படுக்கவைத்தே காய விடுங்கள். சில மணிக்கு ஒருக்கால் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். ஒரே மாதிரி இரண்டு வெட்டி முதுகோடு முதுகு ஒட்டினால் தொய்யாது. நிறுத்துவதைக் கடைசியில் பார்க்கலாம்.

சீனிக்கரண்டி
புதன் இரவு. படுக்கையறை ஏசியில் வைத்தேன், அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு புறுபுறுத்தபடி படுத்திருக்கிறார். மான் நாலு காலில் நிற்கிறது! கொம்பு மட்டும் தொட்டால் கொஞ்சம் அசைகிறது. வளைவு நல்ல கட்டி. இனி ஒரு சந்தேகம்: கேக் பட்டர் ஐசிங், பிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். மானை எப்போது வைப்பது? டவுனுக்கு ஓட்டோவில்தான் கொண்டுபோக வேண்டும், மழையும் விடுகிற மாதிரி இல்லை.

உவர்மலை அக்கா
கொம்பைக் கழற்றித் தனியாகக் காய விடுங்கள், அங்கே போய் ஒட்டலாம். மான்களைக் கேக்கோடு பிரிட்ஜில் வைக்கவே கூடாது. மூடி இறுக்கமான டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா ஜெல் பக்கற்றுகளை மூலையில் போட்டு, மானில் படாமல் ரிசூ பேப்பரால் பிரித்து வையுங்கள். கேக்கைக் காட்போட் பெட்டியில் மூடியபடியே வெளியே எடுத்து, குளிர் போகும்வரை திறக்காதீர்கள். வேர்த்தால் பெட்டிதான் வேர்க்கும். ஓட்டோவில் கேக்கை மடியில் வைக்காமல் காலடியில் தட்டையாக வையுங்கள். காலில் நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பகெட்டி நேரே கேக்கில் இறங்கும், ஆனால் குளம்பு ஐசிங்கில் படாமல் கீழே காய்ந்த பேஸ்ட் வட்டம் ஒன்றை வையுங்கள். மான் வயிற்றுக்குள் ரிஜிஃபோம் இருப்பதைத் தாயிடம் சொல்லிவிட்டு வாருங்கள், ரிஜிஃபோம் வைக்காத குட்டிமான் இருந்தால் அதை மட்டும் பிள்ளை சாப்பிடட்டும்.