புதுப்பிப்பு: தோப்புக்குள்ள ஓட்டற ரிமோட் வண்டி

நம்ம குழு செய்யற தேங்காய் சுமக்கற வண்டி, கிளம்பறப்பவே ரிமோட் அறுந்து நின்னுருதுன்னு முன்னாடி கேட்டிருந்தேனுங்க. காரணம் தெரிஞ்சிருச்சு. சக்கரத்தை ஓட்டற ரெண்டு வைப்பர் மோட்டாரும் (கார் கண்ணாடி துடைக்கற மோட்டாருங்க) ஒண்ணாக் கிளம்பறப்ப 12 வோல்ட் பேட்டரியில மின்னழுத்தம் சட்டுனு இறங்கி, ரிமோட் சிக்னலை வாங்கி வண்டியை ஓட்டற குட்டிக் கம்ப்யூட்டரான இஎஸ்பி32 போர்டு ரீசெட் ஆகியிருக்கு.

மோட்டாருக்குக் கரண்டைக் கூட்டிக் குறைச்சுக் குடுக்கற எல்298என் டிரைவர் போர்டு ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். அதுக்குள்ளயே 2 வோல்ட் கிட்ட வீணாவும் போயிரும். அதைக் கழட்டிட்டு மோட்டாருக்கு ஒண்ணா, அதைவிட அதிக கரண்ட் தாங்கற பிடிஎஸ்7960 டிரைவர் போட்டோம். இஎஸ்பி32 போர்டுக்குத் தனி பேட்டரி, கிரவுண்ட் (மைனஸ் வயர்) மட்டும் பொது. வேகத்தையும் படிப்படியா ஏத்தற மாதிரி புரோகிராமை மாத்தியாச்சு. இப்ப மூட்டையோட மேடு ஏறுது, அவ்வளவு சந்தோசமுங்க!

சக்கரத்தை மோட்டாரோட இணைக்கற கப்ளிங்கைக் கணபதி ஏரியாவுல ஒரு லேத் பட்டறையில கடைஞ்சு வாங்கினோம். கோயமுத்தூர்ல இருக்கறதுக்கு இது பெரிய கொடுப்பினை.

சிக்னல் போனா அரை நொடியில மோட்டார் நிக்கணும்னு குழுவுல ஒரு அண்ணன் விடாப்பிடியா நின்னாரு. அவர் சொன்னது ரொம்பச் சரி. ஆளுங்க நடமாடற எடத்துல அது இல்லாம ஓட்டவே கூடாது.

அடுத்து பொள்ளாச்சித் தோப்புல ஓட்டறோம். வாய்க்கால் ஓரச் சேத்துல வழுக்காத சக்கரம் எது, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.