பிரேக்கை மிதித்தால் டிரெய்லரில் இண்டிகேட்டர் எரிகிறது!

கரும்புவண்டி:
டிராக்டர் 12 வோல்ட், பின்னால் 7 பின் சாக்கெட். டிரெய்லரை மாட்டி பார்க்கிங் லைட் போட்டால் மங்கலாக எரிகிறது. பிரேக்கில் கால் வைத்ததும் அதுவும் அணைந்து, இரண்டு பக்க இண்டிகேட்டரும் லேசாக எரிகின்றன. பிளக்கைக் கழற்றிவிட்டால் டிராக்டர் லைட் எல்லாம் சரியாக இருக்கிறது. பியூஸ் நன்றாக இருக்கிறது, பல்பும் புதுசு. ராத்திரியில் ஆலைக்கு லோடு போக வேண்டும், இப்படியே ரோட்டில் ஏற பயமாக இருக்கிறது.

பழையமெக்கானிக்:
பின்பக்கம் இரட்டை இழை பல்பா (பிரேக்குக்கு ஓர் இழை, பார்க்கிங்குக்கு ஓர் இழை)? 21/5 வாட் பல்பில் பக்கவாட்டுக் குமிழ்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. திருப்பி அழுத்தி மாட்டியிருந்தால் பார்க்கிங் பளிச்சென்றும் பிரேக் மங்கலாகவும் எரியும். முதலில் அதைப் பாருங்கள்.

கரும்புவண்டி:
பார்த்துவிட்டேன் அண்ணா, சரியாகத்தான் மாட்டியிருக்கிறது.

ஒயரிங்தம்பி:
பல்பை விடுங்கள், எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) போயிருக்கிறது. பிரேக் பல்புக்குள் போன கரண்ட் எர்த்துக்குத் திரும்ப வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகப் பின்னோக்கி ஓடி, டிராக்டர் இண்டிகேட்டர் பல்பைக் கடந்து எர்த்தைத் தேடிக்கொள்கிறது. மூன்று பல்பு வரிசையாக வந்துவிடுவதால் எல்லாமே மங்கல். பார்க்கிங் இழைக்கோ இரண்டு முனைக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் குறைந்துவிடுகிறது, அதனால்தான் அணைகிறது.

ஐந்து நிமிட வேலைதான். நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை டிராக்டர் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை டிரெய்லர் சேஸிஸில் (இரும்புச் சட்டத்தில்) பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். லைட் பளிச்சென்று வந்தால் எர்த்தேதான். அப்புறம் பிளக்கைத் திறந்து எர்த்துக்கான 3ஆம் நம்பர் பின்னைப் பாருங்கள். வெள்ளை ஒயர்தான் வர வேண்டும், ஆனால் நம்மூர்ப் பட்டறையில் கையில் கிடைத்த கலரை இழுத்திருப்பார்கள். கலரை நம்பாதீர்கள், நம்பரை நம்புங்கள்.

பழையமெக்கானிக்:
தம்பி சொல்வது சரி. நான்தான் பல்பிலேயே நின்றுவிட்டேன். கொக்கி வழியாக எர்த் கிடைக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே கிரீசும் துருவும், குழியில் வண்டி குதிக்கும்போதெல்லாம் தொட்டுத் தொட்டு விடும்.

கரும்புவண்டி:
ஒயர் வைத்ததும் பளிச்! பிளக்கில் ஒன்றும் இல்லை. எர்த் ஒயரைப் பிடித்துப் போனால் முன்பக்கச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது. பொங்கலுக்கு டிரெய்லருக்குப் பெயின்ட் அடித்தபோது போல்ட்டைக் கழற்றி, வாஷரின் அடிப்பக்கம் வரை சிவப்புப் பெயின்ட் பூசி, அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். அடித்தது நான்தான், வேறு யாரைச் சொல்ல. உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும் வரை தேய்த்து முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். பிரேக்கை மிதித்தபடி பேட்டரி நெகட்டிவுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 0.2 வோல்ட்தான்.

இன்னொன்று: இடது இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடிக்கிறது.

ஒயரிங்தம்பி:
0.2 என்றால் எர்த் நன்றாக இருக்கிறது. வாட் குறைந்த பல்பு போட்டாலும் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கும். இடதுபக்க பல்பில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது?

கரும்புவண்டி:
10. வலதுபக்கம் 21. கடைக்காரர் கொடுத்ததைப் பார்க்காமல் மாட்டியிருக்கிறேன். மாற்றிவிட்டுக் கிளம்புகிறேன்.