மணல்வாரியா, முத்தா? செய்முறைத் தேர்வுக்கு முன் ஒரு சந்தேகம்

பாளை_மூன்றாம்வருடம்:
வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். குழந்தை நலச் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள்தான். தட்டம்மை, சின்னம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தாயிற்று. ஆனால் போன வாரம் ஃபீல்டு போஸ்டிங்கில், சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு வீட்டில் ஆச்சி ஒருவர், "பேத்திக்குப் போன மாசம் மணல்வாரி போட்டிருந்துச்சு" என்றார். நான் சின்னம்மை என்று எழுதிவிட்டேன். மேடம் அதை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். மானம் போயிற்று. நோட்டில் இருக்கும்போது புரிகிறது, ஆள் முன்னால் வந்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. நீங்களெல்லாம் எப்படிப் படித்தீர்கள்?

நைட்_டியூட்டி:
ஹவுஸ் சர்ஜன் பேசுகிறேன். நாள் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். சின்னம்மையில் காய்ச்சல் கண்ட முதல் நாளே கொப்புளம் தெரியத் தொடங்கும். தட்டம்மையில் நாலாம் நாள் வாக்கில்தான் தடிப்பு வரும். ரூபெல்லாவில் காய்ச்சலே லேசு; காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டியிருக்கும். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, இது போதும்.

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
அந்த ஆச்சி உனக்கு விடையைச் சொல்லியே கொடுத்திருக்கிறார், மக்கா. முப்பத்தொரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக அலைந்தவள் சொல்கிறேன், நம் ஊர்ப் பெயர்களைக் காது கொடுத்துக் கேள். மணலை வாரி இறைத்தது போல மேலெல்லாம் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தால் மணல்வாரி. அதுதான் உன் தட்டம்மை. உள்ளே நீர் இருக்காது. காதுக்குப் பின்னால் ஆரம்பித்து, முகம், நெஞ்சு என்று இறங்கிக் காலுக்குப் போகும். வடியும்போது தவிடு மாதிரி தோல் உதிரும். தடிப்பு வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே கன்னத்தின் உட்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, உப்புப் பொடி ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உண்டு.

"முத்து போட்டிருக்கு" என்றால் நீர் கோத்த கொப்புளம், சின்னம்மை. வயிறு முதுகில்தான் அதிகம். ஒரே இடத்தில் புதுச் சிவப்பும், முத்தும், காய்ந்த பொருக்கும் கலந்து கிடக்கும். இருமி இருமிக் கடைசியில் கக்கினால் கக்குவான். ஆனால் இரண்டு மாதப் பிள்ளைக்கு, இருமலின் முடிவில் மூச்சை இழுக்கிற அந்தச் சத்தமே வராமல் மூச்சு நின்றுபோகலாம், கவனம். பொன்னுக்கு வீங்கியில் காது மடல் மேலே தூக்கிக்கொள்ளும். புளிப்பாக எதையாவது கொடுத்தால் பிள்ளை முகத்தைச் சுளிக்கும். கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், போட்டுக்கொள்ளட்டும்.

பெயரே நம்மை ஏமாற்றுகிற ஒன்று உண்டு. சளி. முக்கூடல் பக்கம் ஒரு வீடு. அம்மாக்காரி மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிறாள், பக்கத்தில் எட்டு மாதப் பையன் படுத்திருக்கிறான். "நெஞ்சுல கொஞ்சம் சளி, அவ்வளவுதான் நர்சம்மா" என்கிறாள், கை நிற்கவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அரைஞாண் கயிற்றுக்கு மேலே வயிறு புடைக்கிறது, விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. வாட்சை வைத்து முழு நிமிடம் எண்ணினேன், 58. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 வந்தாலே வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40, இரண்டு மாதத்துக்குள் 60. சுளகைக் கீழே வைக்கச் சொல்லி 108-ஐக் கூப்பிட்டேன். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே, அழுகிற பிள்ளைக்கும் எண்ணாதே.

நைட்_டியூட்டி:
அம்மா சொல்வது நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு எச்சரிக்கை. பல வீடுகளில் வேர்க்குருவையும் மணல்வாரி என்றே சொல்கிறார்கள். டெங்கு தடிப்பையும் அம்மை என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பெயரை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள். காய்ச்சலோடு தடிப்பு என்றால் தகவல் கொடுத்து, ரத்த மாதிரி அனுப்பித்தான் தட்டம்மையை உறுதி செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
அது சரிதான் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். பெயரைக் கேட்டதும் "எங்கே ஆரம்பிச்சுது, எத்தனையாவது நாள், நீர் கோத்துச்சா" என்று கேட்க வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குழப்பம் வருவதும் நியாயம்தான். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை பள்ளி பள்ளியாகத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டோம். வாட்ஸப்பில் வந்த புரளிக்கெல்லாம் பதில் சொல்லியே தொண்டை கட்டிப்போனது. கேள்வி கேட்ட பிள்ளையும் அப்போது கையை நீட்டி அழுத பிள்ளையாகத்தான் இருக்கும்.

பாளை_மூன்றாம்வருடம்:
ஆமாம்மா, ஏழாம் வகுப்பு. அழவில்லை! இன்னொன்று: வாசலில் வேப்பிலை சொருகி, "அம்மை இறங்குற வரைக்கும் மருந்து கூடாது" என்று சொல்கிற வீட்டில் என்ன பேசுவது?

ஓய்வுபெற்ற_நர்சம்மா:
வேப்பிலையோடு நமக்குச் சண்டையே வேண்டாம். அதனால் யாரும் சாகவில்லை, வீட்டுக்குள் ஆள் வராமல் இருப்பதும் நல்லதுதான். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்துவதுதான் ஆபத்து. மணல்வாரி என்று தெரிந்தால் வைட்டமின் ஏ: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், ஆறிலிருந்து பதினொரு மாதம் வரை 1 லட்சம், மறுநாளும் அதே அளவு. "கண்ணுக்கு நல்லது, சொட்டு மருந்து மாதிரி வாயில விடுறதுதான்" என்று சொன்னால் எந்த ஆச்சியும் தடுத்ததில்லை. முத்துப் போட்ட பிள்ளைக்கு நகத்தை வெட்டிவிடச் சொல். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கூடாது, பாராசிட்டமால் போதும்.

அப்புறம், செகண்டு முள் உள்ள வாட்ச் ஒன்று வாங்கிக்கொள். மூச்சு எண்ணப் போனை எடுத்தால் சில எக்ஸாமினருக்குப் பிடிக்காது.