10க்கு 10 அறையில் டியூப் ஆம்ப்: ஏ கம்பி மட்டும் உறுமுகிறது, ஃபேன் போட்டால் இரைச்சல், உதவி தேவை

வேளச்சேரி இரண்டாம் மாடி:

வணக்கம். மூன்று வருடமாக எலக்ட்ரிக் கிட்டாரை ஹெட்போனிலேயே வாசித்து அலுத்துப்போய், தெரிந்தவர் ஒருவரிடமிருந்து 15 வாட் டியூப் ஆம்ப் (வால்வில் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்) ஒன்று பழையதாக வாங்கினேன். 12 அங்குல ஸ்பீக்கர், மாஸ்டர் வால்யூம் உண்டு, பின்னால் ரெக்கார்டிங்குக்குச் சிக்னல் எடுக்க லைன் அவுட்டும் உண்டு. ஸ்டுடியோ என்று சொல்லிக்கொள்வது என் படுக்கையறையைத்தான், 10 அடிக்கு 10 அடி. கட்டில், கம்ப்யூட்டர் மேஜை, ஸ்டீல் பீரோ எல்லாம் போக மிஞ்சியது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மூலை. ஆம்ப் அங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறது, நான் அறை நடுவில் நாற்காலி போட்டு வாசிக்கிறேன்.

வால்யூமை 2க்கு மேல் திருப்பினால் கீழ்வீட்டு மாமா துடைப்பக் கட்டையால் தட்டுகிறார். ஏ கம்பியை மட்டும் விரல் வைக்காமல் மீட்டினால் "ங்ஙூம்" என்று அறையே வீங்குகிறது, மற்ற கம்பிகளில் அப்படி இல்லை. ஃபேன் ஓடினால் "கிர்ர்ர்", மே மாதச் சென்னையில் ஃபேனை நிறுத்திவிட்டு யார் வாசிப்பது? அப்புறம் லைன் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு (கிட்டார் ஒலியை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டி) கேபிள் போட்டால் தனியாக ஒரு "ம்ம்ம்". இதை விற்றுவிட்டு 5 வாட் வாங்கட்டுமா? சுவரில் ஃபோம் ஒட்டினால் சத்தம் வெளியே போகாதுதானே?

பழைய வால்வு:

விற்காதீர்கள் தம்பி. 15 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 5 டெசிபல்கூட இல்லை. காதுக்குப் பாதிச் சத்தமாகக் கேட்கவே 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது வாட் பத்தில் ஒரு பங்காக வேண்டும். 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் பலதும் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, 97 முதல் 100 டெசிபல் வரை கத்தும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45. வாட் கணக்கு போட்டு மாமாவை ஜெயிக்க முடியாது. வாக்ஸ் என்ற ஆம்ப் கம்பெனி 1958இல் 15 வாட் ஆம்ப் கொண்டுவந்தது மேடையில் வாசிக்கிறவர்களுக்காக, நாம்தான் அதைப் "சின்ன ஆம்ப்" என்று சொல்லிப் படுக்கையறைக்குக் கொண்டுவருகிறோம்.

ஏ கம்பிக்கு வருவோம், அதுதான் சுவாரசியம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது சில அலைவரிசைகள் மட்டும் நின்று ஊதும். 10 அடி அறையில் முதலாவது 56 ஹெர்ட்ஸ் வாக்கில் விழும், கிட்டாரின் தடித்த இ கம்பியே 82தான் என்பதால் அது உங்களைத் தொடாது. இரண்டாவது 112 வாக்கில். ஏ கம்பி 110. பிடிபட்டதா? அதோடு அறை சதுரம், நீளத்தில் ஊதுவதே அகலத்திலும் ஊதுகிறது. அந்த இரண்டாவது அலைக்கு அழுத்தம் அதிகம் இருக்கும் இடங்கள் சுவரோரமும் நட்ட நடுவும். ஆம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்து கேட்கிறீர்கள், வேண்டுமென்றே தேடினாலும் இதைவிட மோசமான இடம் கிடைக்காது. அழுத்தம் குறைவது கால்வாசித் தூரத்தில், அதாவது சுவரிலிருந்து இரண்டரை அடியில். ஆம்பையும் நாற்காலியையும் அந்தக் கோட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லை.

தரையில் வைத்ததும் தப்பு. 12 அங்குல ஸ்பீக்கர் கூர்மையான ஒலியை நேராகத்தான் எறியும், இப்போது அது உங்கள் கணுக்காலுக்குப் போகிறது, காதுக்குப் போதவில்லை என்று நீங்கள் ட்ரெபிளை ஏற்றியிருப்பீர்கள். ஒரு ஸ்டூல் மேல், கீழே தடித்த ரப்பரோ ஃபோமோ போட்டு, கொஞ்சம் பின்னால் சாய்த்து வையுங்கள். அதிர்வு தரை வழியாக மாமா வீட்டுக்கு இறங்குவதும் குறையும்.

ராத்திரி ரிஃப்:

ப்ரோ, முட்டை அட்டை ஒட்டுங்கள், நான் நாலு சுவரிலும் ஒட்டியிருக்கிறேன், சூப்பர். இல்லை என்றால் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டில் மட்டும் ரெக்கார்ட் பண்ணுங்கள், சத்தமே வராது.

பழைய வால்வு:

இரண்டாவதை மட்டும் செய்துவிடாதீர்கள்!! டியூப் ஆம்பை ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸோ இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், மாற்றும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். ஸ்பீக்கர் இல்லாமல் ரெக்கார்ட் செய்ய ரியாக்டிவ் லோட் பாக்ஸ் (நிஜ ஸ்பீக்கர் போலவே நடந்துகொள்ளும் வகை) வேண்டும், ஆம்பும் பாக்ஸும் ஒரே ஓம் ஆக இருக்க வேண்டும், நடுவே போடுவது கிட்டார் கேபிள் அல்ல, ஸ்பீக்கர் கேபிள். முட்டை அட்டை, ஃபோம் இரண்டும் அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் அடக்கும், வெளியே போகும் பேஸைத் தடுக்காது. தடுக்கக் கனம் வேண்டும், காற்று புகாத அடைப்பு வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்காது.

மூன்று முள்:

கரண்ட் பக்கம் நான் சொல்கிறேன். ஃபேன் ரெகுலேட்டர் எப்படிப்பட்டது? திருகினால் சீராக வேகம் கூடும் வகையா, "டக் டக்" என்று படிப்படியாக ஏறும் வகையா? சீராகக் கூடும் வகையில் பெரும்பாலும் டிரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கும், அது கரண்டின் ஒவ்வொரு அலையையும் நடுவில் வெட்டுகிறது, அந்த வெட்டுதான் உங்கள் "கிர்ர்ர்". முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள், இரைச்சல் இறங்கினால் குற்றவாளி அதுவே. படிப்படி வகை கெபாசிட்டரில் வேலை செய்வது, மாற்றிவிடுங்கள், எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை. கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) வகை என்றால் உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் தணியும்.

"ம்ம்ம்" வேறு கதை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிக் கேளுங்கள். நின்றுவிட்டால் எர்த் வழியில் சுற்று உண்டாகிறது என்று அர்த்தம். இதற்கு ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடு என்று ஒருவர் வந்து சொல்வார், கேட்காதீர்கள், கையில் கம்பி, உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட். லைன் அவுட்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) போட்டு, அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள், அது கேபிள் வழி எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும். அப்படியே மூன்று முள் சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வேளச்சேரி இரண்டாம் மாடி:

அண்ணா, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. ரெகுலேட்டர் சீராகச் சுற்றும் வகைதான், 5இல் வைத்தால் "கிர்ர்ர்" பாதிக்கு மேல் அடங்கியது, திங்கட்கிழமை மாற்றிவிட்டேன். இப்போது மிச்சம் இருப்பது சிங்கிள் காயில் இரைச்சல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. சார்ஜரைப் பிடுங்கியதும் "ம்ம்ம்" நின்றது. டிஐ பாக்ஸ் வாங்கும் வரை பேட்டரியில் ஓட்டுகிறேன்.

ஆம்பைச் சுவரிலிருந்து இரண்டரை அடி இழுத்துக் கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு வைத்தேன். ஏ கம்பி பாதி அடங்கியது, ஆனால் அதே சுருதியில் "ஸ்ஸ்" என்று ஒரு அதிர்வு மட்டும் போகவில்லை. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பயந்து கிரில்லில் காதை வைத்துக் கேட்டேன், அங்கே சுத்தம். தம்பியை ஏ கம்பியை மீட்டச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால், பீரோ கதவில் உள்ளங்கை வைத்ததும் நின்றது. அம்மாவின் சாவிக்கொத்து பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு சந்தேகம், மைக் வைத்து எடுத்தால் எங்கே வைப்பது? இருப்பது ஷூர் எஸ்எம்57 மைக்.

பழைய வால்வு:

சாவிக்கொத்து, அருமை. கிரில் துணி வழியாக மொபைல் டார்ச்சை அடித்தால் ஸ்பீக்கர் கோனின் நடுவில் வட்ட மூடி தெரியும். அதன் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மைக்கை நிறுத்துங்கள். கூர்மையாக இருந்தால் வெளிப்பக்கம் அரை அங்குலம் நகர்த்துங்கள், ஈக்யூ (பேஸ், ட்ரெபிள்) திருப்புவதெல்லாம் அப்புறம். அவ்வளவு பக்கத்தில் மைக் இருப்பதால் அறை பெரிதாகப் பதிவாகாது, வால்யூம் 2லேயே எடுக்கலாம்.

வேளச்சேரி இரண்டாம் மாடி:

எடுத்துவிட்டேன், நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது. மாமாவிடமும் நேரில் போய்ப் பேசினேன், மாலை 5 முதல் 6 வரை அவர் வாக்கிங் போகிற நேரமாம், அப்போது 4 வரை திருப்பிக்கொள் என்றார்.