இழை: "நான் பிழை", அவருக்கு ஜோடி வழுவா பூச்சியா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

செல்டா என்ற காணொளி விளையாட்டு வரிசையின் இரண்டாம் விளையாட்டைத் தமிழில் ஆடும்படி, ரசிகர்கள் சிலர் சேர்ந்து உரையாடல்களை மாற்றி வருகிறோம். ஞாயிறு இரவுக்குள் எழுத்துருக் கோப்பை மூடியாக வேண்டும். எல்லாம் முடிந்தது, இரண்டு பெயர்களில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ரூட்டோ என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் போனால் ஒருவர் நிற்பார். பேச்சுக் கொடுத்தால் "நான் எரர்" என்பதோடு சரி. இன்னொரு ஊரில் ஒருவர் "ரூட்டோவின் எரரைக் கேள்" என்று சொல்லும்வரை அவர் வாயிலிருந்து வேறு சொல் வராது. ஜப்பானில் 1987இலும் வெளிநாடுகளில் 1988இலும் வந்த விளையாட்டு. ஆங்கிலத்தில் ஆடிய பலர், மொழிபெயர்ப்பில் தப்பு நடந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் அது அவர் பெயர். சாரியா ஊருக்கு வடக்கே காட்டுக்குள் இன்னொருவர் ஒளிந்திருக்கிறார். ஆற்றைக் கடக்கச் சீட்டுத் தருபவர். மூலத்தில் அவர் பெயர் 'பகு', அதாவது கணினிக்காரர் நிரலில் வரும் கோளாறுக்குச் சொல்லும் 'பக்', ஜப்பானிய வாயில். எரரும் பக்கும் ஜோடி. ஆங்கிலத்தில் முதலாமவருக்குப் பொருளைப் பார்த்து எழுதினார்கள், இரண்டாமவருக்கு ஒலியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஜோடி பிரிந்துவிட்டது. ஒற்றையாய் நின்ற எரர்தான் முப்பது ஆண்டுக்கு மேலாக ரசிகர்களின் தீராத நகைச்சுவையாக இருக்கிறார்.

தமிழில் அந்த ஜோடியைச் சேர்த்துவைக்க ஆசை. பெயர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
செ.

மடல் 2

அன்புள்ள செ.,

இதில் ஐயத்துக்கே இடமில்லை. எரர் பிழை, பக் வழு. வழுநீக்கம் என்ற சொல் கணித்தமிழில் வேரூன்றிவிட்டது. புதிதாக எதையும் தேட வேண்டாம்.

வழு நம் இலக்கணத்தின் சொந்தச் சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என நன்னூலார் ஏழாக வகுத்தார். வழுக்கு, வழுவழுப்பு, வழும்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. கால் வழுக்குவதே சொல் வழுவுவதும். இழுக்கும் அப்படித்தான். குறளின் 'இழுக்கல் உடையுழி' சறுக்கும் நிலத்தைச் சொல்கிறது, இழுக்கு என்றால் குற்றம். வழுக்கு, இழுக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றோ என்று பல ஆண்டுகளாக யோசித்து வருகிறேன். அதைத் தனி மடலில் விரித்து எழுதுவேன்.

இன்னொன்று. "நான் பிழை" என்ற தொடரே திணைவழு. உயர்திணை எழுவாய், அஃறிணைப் பயனிலை. தன் பெயரைச் சொல்லும் வாக்கியத்திலேயே ஒருவர் வழுவுகிறார். மூல ஆசிரியருக்கே கிட்டாத நயம் இது!

இரா.

மடல் 3

இரா. ஐயாவுக்கு வணக்கம். நயத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். நன்னூல்படி தன்மை இரு திணைக்கும் பொது. 'நான்' பிழையாக இருப்பதில் வழு ஏதுமில்லை. தன்மையை உயர்திணையில் வைத்தவர் தொல்காப்பியர். வழு ஏழு என்பதற்கு நன்னூலையும் இதற்குத் தொல்காப்பியத்தையும் எடுத்துக்கொண்டால் எப்படி?

என் கவலை வேறு. விளையாடப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "என் பெயர் வழு" என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன புரியும்? எரர் என்றே விடுங்கள். எல்லாத் திரையிலும் அந்தச் சொல்லைத்தான் பார்க்கிறோம்.

மு.

மடல் 4

மு. சார், எரர் என்று விட்டால் பக்கையும் அப்படியே விட வேண்டும். 'பகு' என்று எழுதினால் தமிழில் வகுத்தல் கணக்கு நினைவுக்கு வரும், இலக்கணம் படித்தவர்களுக்குப் பகுபதம். ஆங்கிலத்தில் நடந்ததே இங்கும் நடக்கும்.

என் ஓட்டு பிழைக்கும் பூச்சிக்கும். ஆங்கிலத்தில் பக் என்றால் பூச்சிதானே. பூச்சி என்று மனிதரை அழைப்பது நமக்குப் புதிதல்ல. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் குரு ஸ்ரீநிவாச ஐயங்காரை இசையுலகம் பூச்சி ஐயங்கார் என்றே அறியும். பெயர் வாயில் நிற்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு 1947இல் ஹார்வர்டு மார்க் 2 கணினிக்குள் சிக்கிய விட்டில்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்த கதையைச் சொல்லலாம். எடிசன் காலத்திலேயே பக் என்ற சொல் கோளாறு என்ற பொருளில் புழங்கியது, விட்டில் அதற்குச் சாட்சி மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு கேள்வி: இப்படித் திரும்பத் திரும்ப வரும் நகைச்சுவைக்குத் தமிழில் என்ன? தொடர்நகை என்று எழுதிப் பார்த்தேன். கழுத்துச் சங்கிலி மாதிரி இருக்கிறது.

வ.

மடல் 5

வ. அம்மா, தொடர்நகைக்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலே கலக்க வேண்டாம்.

பூச்சியை ஏற்க மாட்டேன். பிழையும் வழுவும் சொன்னவுடன் ஒன்றையொன்று கூப்பிடும். பிழையும் பூச்சியும் சேர வேண்டுமானால் நடுவே 'பக்' என்ற ஆங்கிலச் சொல் வந்து நிற்க வேண்டும். ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு அது வெறும் பூச்சி. எளிமை என்ற பெயரில் ஆங்கிலத்தைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வருகிறீர்கள். மு. சொன்ன திணைத் திருத்தத்தை ஏற்கிறேன். தொல்காப்பியர் பக்கம் நின்றால் என் நயம் இன்னும் உயிரோடிருக்கிறது.

பிழை என்ற சொல்லைத்தான் பாருங்களேன். பிழைத்தான் என்றால் தவறினான், உயிர்தப்பினான், இரண்டும். சிலப்பதிகாரப் பதிகத்தில் 'அரசியல் பிழைத்தோர்' தவறியவர்கள். அம்பு குறி பிழைத்தால் மான் பிழைக்கும். அம்பு தவறியதே மானுக்கு உயிரானதால் இரு பொருளும் ஒரே வேரில் பிறந்தன என்று நினைக்கிறேன். மூன்று உயிரோடு ஆடும் விளையாட்டில் இதைவிடப் பொருந்தும் பெயர் உண்டா?

இரா.

மடல் 6

எல்லோருக்கும் நன்றி. பிழை என்பதில் ஒருவர் தவிர யாருக்கும் மறுப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றிரவு வழுவைத் திரையில் எழுதிப் பார்த்தேன். இந்த விளையாட்டில் ஒரு கட்டம் எட்டுக்கு எட்டுப் புள்ளிதான். 'பிழை'யின் ழகரத்தை வாலைச் சுருக்கி எப்படியோ அடக்கிவிட்டேன். 'ழு' அடங்கவில்லை. கீழே இறங்கும் வாலும் உகரக் கொக்கியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கறுப்புப் பொட்டாகிறது. இரண்டு கட்டம் கொடுத்தால் ஆற்றங்கரைச் சீட்டைப் பற்றிய வரி பெட்டிக்கு வெளியே போகிறது. 'பூச்சி' சிரமமில்லாமல் உட்கார்ந்தது.

வ. அக்காவும் இன்னும் மூவரும் தனிமடலில் பூச்சி என்றார்கள். மு. அண்ணன் எரர் கிடையாதென்றால் பூச்சியே இருக்கட்டும் என்கிறார். இரா. ஐயா சொன்ன ஆங்கில நிழல் எனக்கும் உறுத்துகிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பதிப்பில் "நான் பிழை", "என் பெயர் பூச்சி" என்று போடுகிறேன்.

செ.

மடல் 7

செ. தம்பி,

புள்ளிக் கட்டத்துக்குப் பணிகிறேன், பூச்சிக்கு அல்ல. உகரக் கொக்கியை ழகரத்தின் வாலோடு ஒரே கோடாக இணைத்து ஏழு புள்ளியில் வரைந்த படத்தை இணைத்துள்ளேன். ஞாயிறு இரவுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

இரா.